கொடி விழும் முன்னே

கன்று போட்ட மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழும் முன்னால் பால் கறக்கலாமா என்று குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். கறக்கலாம். கறந்து உடனே கன்றுக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

போன மாசியில் ஒடுகத்தூர் பக்கம் ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். பொய்கைச் சந்தையில் பிடித்து வந்த ஜெர்சி கலப்பு மாடு விடியற்காலையில் கன்று போட்டிருந்தது. தாய் நக்கிய இடமெல்லாம் ரோமம் சுருண்டு நின்றது. பண்ணைக்கார அக்கா சீம்பாலைப் புட்டியில் ஊற்றி என்னிடம் கொடுத்தார். முதலில் விரலை வாயில் விட்டேன். மேல்வரிசையில் முன்பல் கிடையாது, வெறும் ஈறு. நாக்கு உப்புத்தாள் மாதிரி. விரலைச் சப்பத் தொடங்கியதும் ரப்பர் காம்பை நுழைத்தோம். முட்டிய முட்டில் புட்டி கையை விட்டுப் போய்விட்டது.

ஆனால் அதற்குள் கன்று பிறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. "இப்பதான் சார் கொடி விழுந்திச்சு. அதுக்கு முன்னாடி பால் குடுத்தா கொடி உள்ளயே நின்னுடும்" என்றார் அக்கா. கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டும் ஆயிற்று. தொங்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. அந்த ஐந்து மணி நேரம்தான் உறுத்தியது.

மனிதக் குழந்தை, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் அம்மாவின் எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) நஞ்சுக்கொடி வழியாகவே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. மாட்டுக்கு அப்படியில்லை. தாயின் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் நடுவே திசு அடுக்குகள் அதிகம். அவ்வளவு பெரிய மூலக்கூறு கடக்காது. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. அதன் பங்கு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். எதிர்ப்பொருளும் ஒரு புரதம்தான். வயிற்றுக்குள் போன புரதம் என்ன ஆகும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம்: உடைந்து அமினோ அமிலமாகிவிடும். உடைந்த எதிர்ப்பொருளால் யாருக்கு என்ன லாபம்?

அதற்குத்தான் இந்த ஏற்பாடு. பிறந்த கன்றின் வயிற்றில் அமிலம் இன்னும் சரியாகச் சுரப்பதில்லை. புரதத்தை வெட்டும் டிரிப்சினைத் தடுக்கும் பொருளைச் சீம்பாலே கொண்டுவருகிறது. பிறகு சிறுகுடல். அங்கிருக்கும் செல்லின் மேல்விளிம்பு குழிந்து, ஒரு துளிப் பாலை அப்படியே வாரிக்கொண்டு, குமிழாக மூடிக்கொள்கிறது. குமிழ் செல்லைக் குறுக்கே கடந்து மறுபக்கம் திறக்கிறது. உள்ளே இருந்த எதிர்ப்பொருள் ஒரு கீறலும் இல்லாமல் நிணநீரில் இறங்கி, அங்கிருந்து ரத்தத்துக்குப் போகிறது. ஜீரணிக்கவேண்டிய குடல், ஒரே ஒரு நாள், தபால்காரர் வேலை பார்க்கிறது! பொட்டலத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்றும் பார்ப்பதில்லை. சாணியும் அழுக்குமாக இருக்கும் மடியைக் கழுவிவிட்டுக் கறக்கச் சொல்வது அதனால்தான்.

முதல் ஆறு மணி நேரம் இந்த வேலை மும்முரமாக நடக்கும். அப்புறம் மளமளவென்று குறைந்து, 24 மணி நேரத்தில் கதவு சாத்திக்கொள்ளும். பிறகு எத்தனை லிட்டர் கொடுத்தாலும் எதிர்ப்பொருள் ரத்தத்துக்குப் போகாது. கொடி விழ 12 மணி நேரம் வரை ஆவது மாட்டுக்கு இயல்பு. காத்திருந்தால் கணக்கு என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், கன்று மடியைச் சப்பும்போது தாயின் உடலில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பாலை இறக்குவது அதுதான், கருப்பையைச் சுருங்க வைப்பதும் அதுதான். கருப்பை சுருங்கினால் கொடி விழத்தான் உதவும். நம்பிக்கை நேர் தலைகீழாக நிற்கிறது.

சீம்பால் கிடைக்காத கன்றுகள் மடிவதை அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித், ரால்ப் லிட்டில் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1922லேயே எழுதிவிட்டார்கள். நூறு வருடம் தாண்டியும் அது ஒடுகத்தூர் தொழுவத்துக்கு வந்து சேரவில்லை. புதிய ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது சரி, பழையதைக் கொட்டகை வரை கொண்டுபோக யார் ஒதுக்குவது? திருவலம் சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்புச் சாற்றில் சர்க்கரை அளவைச் சோதிக்கும் பிரிக்ஸ் மானி இருக்கிறதே, அதில் ஒரு சொட்டுச் சீம்பால் விட்டு 22க்கு மேல் காட்டினால் எதிர்ப்பொருள் போதுமான அளவு உள்ள, தரமான சீம்பால். பால் சொசைட்டிக்கு ஒன்று வாங்கி வைத்தால் என்ன?

25 கிலோ கன்றுக்கு முதல் சில மணி நேரத்தில் இரண்டரை லிட்டர் தேவை. கிளம்பும்போது அக்கா வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்த சீம்பாலைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்தார். சாதாரணப் பால் இப்படி உறையாது; உறைந்து நிற்பதில் பெரும்பங்கு அந்த எதிர்ப்பொருள்கள்தான். கன்று குடித்தது போக மிச்சமா என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டேன்.