சிவிலியன், பொதுமக்கள், சனம்: ஒரு சொல் விளக்கம்

‘பாடசாலையில் தஞ்சமடைந்திருந்தோர் மீது விமானத் தாக்குதல், பொதுமக்களும் ஊடகவியலாளர் ஒருவரும் பலி.’ 2023 ஒக்டோபருக்குப் பிறகு காஸாவிலிருந்து இந்த அச்சில் வார்த்த செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. திருகோணமலையில் அதை வாசிக்கிறவர்களுக்குப் பாடசாலை என்றால் என்ன, தஞ்சம் என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. விளக்க வேண்டியது அந்தப் ‘பொதுமக்கள்’. ஆங்கிலச் செய்தியில் ‘சிவிலியன்’ என்று இருப்பதைத்தான் நாம் இப்படித் தமிழாக்குகிறோம். ஒரு மனிதரைக் கொன்றது போர்க்குற்றமா இல்லையா என்பது பெரும்பாலும் அந்தச் சொல் அவருக்குப் பொருந்துமா என்பதில் தொங்குகிறது. ஆகவே அதைக் கவனமாகக் கையாள வேண்டும் என்று நினைக்கிறேன்.

வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘சிவிஸ்’ என்றால் நகரத்துக்கு உரிய குடிமகன். ‘சிவிலிஸ்’ என்றால் அவனைச் சார்ந்தது. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘சிவிலியன்’ முதலில் குறித்தது போருக்கு அப்பாற்பட்டவரை அல்ல. உரோமானியச் சிவில் சட்டத்தைக் கற்றுத் தேர்ந்த அறிஞரை. பிறகு கிழக்கிந்தியக் கம்பனியின் காலத்தில், படைப்பிரிவில் சேராமல் நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிக்கு அது பெயரானது. இலங்கைச் சிவில் சேவையில் இருந்தவர்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். கச்சேரியில் இருந்து வரி வாங்கி வழக்குக் கேட்ட துரைதான் ‘சிவிலியன்’. இந்த வழக்கிலேயே ‘படையில் இல்லாதவர்’ என்ற பொருள் முளைவிட்டு, 19 ஆம் நூற்றாண்டில் பொதுவழக்காகியது. அதிகாரிக்கு இருந்த பெயர், அதிகாரம் ஏதும் இல்லாத எல்லாருக்கும் ஆகிவிட்டது.

சட்டத்தில் அதற்கு உறுதியான இடம் கிடைத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர். 1949 இன் நான்காவது ஜெனீவாச் சமவாயம் முழுக்க முழுக்கச் சிவிலியன்களின் பாதுகாப்புக்கென்றே எழுதப்பட்டது. வரைவிலக்கணம் வந்தது ஜெனீவாச் சமவாயங்களோடு 1977 இல் சேர்க்கப்பட்ட முதலாவது மேலதிக நெறிமுறையில். அதன் 50 ஆவது உறுப்புரை எதிர்மறையாகச் சொல்கிறது: ஆயுதப் படைகளைச் சேராத எவரும் சிவிலியன். சந்தேகம் வந்தால் சிவிலியன் என்றே கொள்ள வேண்டும். சிவிலியன்களுக்கு நடுவே அப்படியல்லாத சிலர் இருந்தாலும், அந்த மக்கள்திரள் தன் தன்மையை இழந்துவிடாது. 52 ஆவது உறுப்புரை கட்டடங்களுக்கு வருகிறது: பாடசாலை, வீடு, வழிபாட்டிடம் போன்ற ஒன்று படைத்தேவைக்குப் பயன்படுகிறதா என்று ஐயம் எழுந்தால், பயன்படவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘அங்கே இருந்து சுட்டார்கள்’, ‘மனிதக் கேடயமாக வைத்திருந்தார்கள்’ என்ற பதில்களை நாங்கள் காஸாவில்தான் முதலில் கேட்டோம் என்றில்லை. 2006 நவம்பர் 8 அன்று மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைப் பக்கம் கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் எறிகணைகள் விழுந்தன. அங்கே தங்கியிருந்தவர்களில் பெரும்பகுதியினர் சம்பூர், மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று என்று திருகோணமலை மாவட்டத்திலிருந்து ஓடிப்போனவர்கள். நாற்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அப்போதும் படைத்தரப்பின் பதில் அதுவாகவே இருந்தது. சுட்டவர்கள் இருந்திருந்தால்கூட, வகுப்பறையில் சேலையைக் கட்டி மறைப்புப் போட்டுப் படுத்திருந்தவர்கள் சிவிலியன்களாகவே இருக்கிறார்கள். அந்தச் சொல் அதற்காகத்தான் ஆக்கப்பட்டது.

இனி தமிழுக்கு வருவோம்.

‘பொதுமக்கள்’ என்பது நல்ல சொல்தான். ஆனால் அதற்கு இரண்டு வேலை. ‘பொதுமக்கள் முறைப்பாடு’, ‘பொதுமக்கள் தினம்’ என்று பிரதேச செயலகத்து வாசலில் எழுதியிருப்பதும் அதுவே. குண்டில் செத்தவர்களும் அதுவே. பன்மையில் இருக்கும்வரை சமாளிக்கலாம். ஒருமைக்குப் போகும்போது திக்குமுக்காடுகிறது. ‘பொதுமகன் ஒருவர் காயம்’ என்று ஈழத்துப் பத்திரிகைகள் எழுதிப் பழகிவிட்டன. பெண் ஒருவர் காயப்பட்டால்? ‘பொதுமகள்’ என்று எழுத முடியாது; பழந்தமிழில் அதற்கு விலைமகள் என்று பொருள். ஆகவே ‘பெண் ஒருவர்’ என்று போட்டுவிட்டு நகர்கிறோம். அந்த இடத்தில் அவள் சிவிலியன் என்ற சேதி வாக்கியத்திலிருந்து விழுந்துவிடுகிறது.

‘குடிமக்கள்’ என்பதைச் சிலர் கூடுதல் செந்தமிழ் என்று எண்ணி எழுதுகிறார்கள். இந்த இடத்துக்கு அது பிழை, பெரிய பிழை என்றே சொல்வேன். குடிமகன் என்றால் ஓர் அரசின் குடியுரிமை உள்ளவர். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மலையகத் தமிழரில் ஒரு பகுதியினர், பின்னாளில் கலவரங்களுக்குத் தப்பி வடக்கு கிழக்கில் வந்து குடியேறினார்கள். அவர்களில் பலர் குடிமக்கள் என்ற பத்திரமே இல்லாமல் போருக்குள் வாழ்ந்தார்கள். காஸாவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 1948 இல் துரத்தப்பட்டவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும், பதிவிலும் அகதிகள். குடியுரிமை இல்லாதவரும் சிவிலியன். எதிரி நாட்டவரும் சிவிலியன். இந்தச் சொல் கடவுச்சீட்டைக் கேட்பதில்லை. போதாததற்கு, யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கில் ‘குடிமக்கள்’ என்பது ஊழியச் சாதியினரைச் சுட்டிய சொல்லாகவும் இருந்தது.

‘அப்பாவிப் பொதுமக்கள்’ என்ற அடைமொழிச் சேர்க்கையையும் கைவிட வேண்டும். சொல்கிறவரின் மனம் இரங்கித்தான் சொல்கிறது, அது விளங்குகிறது. ஆனால் அப்பாவி என்றால் சூதுவாது அறியாதவர். படையைச் சேராத ஒருவர் அப்பாவியாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கட்சிக்கு வாக்களித்திருக்கலாம், ஊர்வலத்தில் கோஷம் போட்டிருக்கலாம், இயக்கத்தில் இருந்த மகனுக்குச் சோறு போட்டிருக்கலாம். அதனால் அந்தத் தாய் குண்டுக்கு இலக்காகிவிடுவதில்லை. ‘அப்பாவி’ என்று ஒருமுறை எழுதிவிட்டால், அவர் அப்பாவியா என்று விசாரிக்கும் உரிமையை எதிர்த்தரப்புக்கு நாமே எடுத்துக் கொடுக்கிறோம்.

ஆட்பட்டியல் போட்டு ஒதுங்கச் சொல்லும் மரபு தமிழில் இல்லாதது அல்ல. புறநானூற்றின் 9 ஆவது பாட்டில் நெட்டிமையார், முதுகுடுமிப் பெருவழுதியின் போர்முறையைப் பாடும்போது, பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் பிள்ளைப்பேறு இல்லாதோரும் ‘நும் அரண் சேர்மின்’ என்று முன்னறிவிப்புக் கொடுப்பதைச் சொல்கிறார். பெருமையாக எடுத்துக்காட்டப்படும் பாட்டு. பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியலில் உழவனும் மீனவனும் இல்லை. இன்றைய சட்டம் பட்டியல் போடுவதை விட்டுவிட்டுப் படைக்கு வெளியே இருக்கும் எல்லாரையும் உள்ளே எடுத்தது. இன்னொன்று, ‘அறிவித்துவிட்டோம், போகவில்லை’ என்பதால் போகாதவர் படையாள் ஆகிவிடுவதில்லை. போக வண்டி இல்லாதவரும், படுக்கையில் கிடக்கும் தாயை விட்டுப் போக முடியாதவரும் இருந்த இடத்திலேயே சிவிலியன்தான்.

ஏட்டுச் சொற்கள் இப்படித் தடுமாற, பேச்சில் எங்களுக்கு ஒரு சொல் எப்போதும் சரியாக இருந்தது: சனம். போர்க்காலத்தில் உலகம் மூன்றாகப் பிரிந்திருந்தது. ஆமி (இராணுவம்), இயக்கம் (புலிகள்), சனம். ‘சனம் நிக்கிற இடத்தில ஏன் அடிச்சவங்கள்?’ என்று ஒருவர் கேட்டால், அதில் 50 ஆவது உறுப்புரை முழுவதும் இருக்கிறது. 2006 ஏப்ரல் 25 அன்று கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்த அன்று மாலையே சம்பூர், மூதூர் கிழக்குப் பக்கங்களில் விமானங்கள் குண்டு போட்டன. ‘கிபிர் சனத்துக்கு மேல போட்டிட்டுது’ என்று அன்று ஆட்கள் சொன்னபோது, யார் செத்தார்கள் என்பதில் கேட்டவருக்குக் குழப்பமே வரவில்லை. (கிபிர் இஸ்ரேலில் செய்யப்பட்ட விமானம், எபிரேய மொழியில் இளஞ்சிங்கம் என்று பொருள். எங்கள் பேச்சில் அது குண்டு போடும் எந்த விமானத்துக்கும் பெயராகிவிட்டது.) சனம் என்பதும் வடமொழி ‘ஜன’த்தின் வழி வந்ததே, தனித்தமிழ் அல்ல. அதனால் அதன் பொருத்தம் குறைந்துவிடவில்லை. செய்தியில் ‘சனம்’ என்று எழுதத் தயங்குவோர் பன்மைக்குப் ‘பொதுமக்கள்’ என்றே எழுதலாம். ஒருமைக்கும் சட்ட எழுத்துக்கும் ‘படைசாராதவர்’ என்பதை நான் சொல்வேன். ‘அரச சார்பற்ற’, ‘கட்சி சாரா’ என்று ஏற்கெனவே பழகிய வார்ப்பு அது. ஆண், பெண் இரண்டுக்கும் பொருந்தும். வரைவிலக்கணத்தின் எதிர்மறையும் அப்படியே வந்துவிடும்.

தொடக்கத்தில் காட்டிய செய்தித் தலைப்பின் மற்றப் பாதிக்கு வருகிறேன். ‘பொதுமக்களும் ஊடகவியலாளர் ஒருவரும்’ என்று ‘உம்’ போட்டுப் பிரித்தால் இரண்டும் வேறு வேறு வகை என்று படுகிறது. சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. அதே நெறிமுறையின் 79 ஆவது உறுப்புரை, போர்ப் பகுதியில் ஆபத்தான பணியில் இருக்கும் ஊடகவியலாளர் சிவிலியனாகவே கருதப்படுவார் என்கிறது. கமெரா அவருக்குக் கூடுதல் கவசமும் இல்லை, அவரைக் குறிபார்க்கக் காரணமும் இல்லை. தனியே எண்ணிச் சொல்வது தேவைதான், ஏனென்றால் அவரைக் கொன்றால் மற்றவர்கள் கொல்லப்பட்டதைச் சொல்ல ஆளில்லாமல் போகும். அதைத் திருகோணமலை நன்றாக அறியும். 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களின் உடலில் இருந்த துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைப் படமெடுத்து வெளிக்கொண்டுவந்தவர் சுடர் ஒளி செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24 ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆகவே ‘ஊடகவியலாளர் ஒருவர் உட்படப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர்’ என்பதே சரியான வாக்கியம். ‘பலி’ என்ற சொல்லைத் தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்கப் போடுகிறோம். பலி என்றால் படையல், காணிக்கை. அதில் கொன்றவன் இல்லை. கொல்லப்பட்டனர் என்றால், கொன்றது யார் என்ற கேள்வி உள்ளேயே வந்துவிடுகிறது.

கடினமான இடமும் உண்டு. 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில் ‘புலிகளின் குரல்’ வானொலி நிலையத்தின் மீது விமானக் குண்டு போடப்பட்டு, அறிவிப்பாளர் இசைவிழி செம்பியனும் வேறு பணியாளர்களும் கொல்லப்பட்டனர். அது இயக்கத்தின் வானொலி. அப்படியானால் அவர்கள் யார்? யுனெஸ்கோவின் அப்போதைய பணிப்பாளர் நாயகம் அந்தத் தாக்குதலைக் கண்டித்தார். ஒரு தரப்பின் குரலாகப் பேசுவது, அது எவ்வளவு ஒருசார்பாக இருந்தாலும், போரில் நேரடியாகப் பங்கெடுப்பது ஆகாது. நமக்குப் பிடிக்காத தரப்பின் வானொலிக்கும் இதுவே அளவுகோல். இல்லாவிட்டால் அளவுகோல் என்று ஒன்று வைத்திருந்து பயனில்லை.

கான் யூனிஸில் 2023 டிசம்பர் 15 அன்று நடந்ததில் இந்தச் சொற்கள் எல்லாமே ஓரிடத்தில் கூடின. இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஃபர்ஹானா பாடசாலை முந்திய தாக்குதலுக்கு உள்ளானதைப் பதிவுசெய்ய அல் ஜசீராவின் ஒளிப்பதிவாளர் சமேர் அபு தக்காவும் செய்தியாளர் வாயில் தஹ்தூஹும் போனார்கள். டிரோன் தாக்கியது. கையில் காயத்தோடு தஹ்தூஹ் நடந்து வெளியேறினார். அபு தக்கா விழுந்த இடத்திலேயே ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக இரத்தம் வழியக் கிடந்தார். அம்புலன்ஸ் அவரை நெருங்க முடியவில்லை. அவர்களோடு போன ‘சிவில் பாதுகாப்பு’ப் பணியாளர் மூவரும் கொல்லப்பட்டார்கள்.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் எங்கள் ஊர் வாசகருக்கு ஒரு பொறி இருக்கிறது. ‘சிவில்’ எங்களிடம் தலைகீழாய்ப் போன சொல். ‘சிவில்ல வந்தவங்கள்’ என்றால் சீருடை இல்லாமல், சட்டைக்குள் துவக்கோடு வந்தவர்கள். ‘சிவில் பாதுகாப்பு’ என்றால் 2006 இல் பெயர் மாற்றிக்கொண்ட ஊர்காவல் படை. ஆயுதம் ஏந்திய, எல்லைக் கிராமங்களில் காவலரண் போட்டு நின்ற படை. காஸாவின் சிவில் பாதுகாப்பு அதுவல்ல. தீயை அணைப்பதும், இடிபாட்டுக்குள் கிடப்பவரை வெளியே எடுப்பதும், சடலம் தூக்குவதுமே அவர்கள் வேலை. 1977 இன் நெறிமுறை அந்தப் பணிக்குத் தனியாகப் பாதுகாப்பும், செம்மஞ்சள் நிலத்தில் நீல முக்கோணம் என்று ஓர் அடையாளமும் கொடுத்திருக்கிறது. ‘சிவில் பாதுகாப்புப் படையினர் மூவர் பலி’ என்று அப்படியே மொழிபெயர்த்துப் போட்டால், மூதூரிலோ சேருவிலவிலோ இருந்து வாசிக்கிறவருக்கு மூன்று ஆயுததாரிகள் செத்ததாகவே படும். ‘படையினர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுத் ‘தீயணைப்பு, மீட்புப் பணியாளர் மூவர் கொல்லப்பட்டனர்’ என்று எழுத வேண்டும். அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டுமென்றால் அடுத்த வாக்கியத்தில் வரட்டும்.