சீடி: சோழியிலிருந்து வந்த பணம்

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டுப் பணத்தின் பெயரைத் தமிழில் எழுதப் போனால் முதல் எழுத்திலேயே இடறும். 'செடி' என்று எழுதினால் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றத் தோன்றும். 'சீடி' என்று எழுதினால் பாட்டுக் கேட்ட பழைய வட்டத்தட்டு நினைவுக்கு வரும். அந்த ஊர்க்காரர்கள் வாயில் முதலெழுத்து நீண்டுதான் ஒலிக்கிறது என்பதால் நான் 'சீடி' என்றே எழுதுகிறேன். வட்டத்தட்டு நினைவுக்கு வந்தால் வரட்டும்.

சொல்லின் வேர், கானாவின் ஆகப் பெரிய இனமான அக்கான்களின் மொழியில் இருக்கிறது. அங்கே 'செடியெ' அல்லது 'சிடியெ' என்றால் சோழி. தாயம் ஆடும்போது உருட்டுகிறோமே, பல்லாங்குழியில் புளியங்கொட்டைக்குப் பதிலாகப் போடுகிறோமே, அந்தச் சோழிதான். (பல்லாங்குழிக்கும் கானாவில் உறவுக்கார விளையாட்டு ஒன்று உண்டு. பெயர் 'ஓவாரே'. பன்னிரண்டு குழி, குழிக்கு நாலு கொட்டை.) 1979இல் வெளியான 1 சீடி நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் சொல்லாராய்ச்சியே தேவையில்லை. முதுகு உப்பி, நடுவில் பல் பல்லாகப் பிளந்த வாயோடு ஒரு சோழியை அதில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பணமாகப் புழங்கிய அந்தச் சோழி இனம் கானாவின் கடலில் கிடைப்பதே இல்லை. அது இந்தியப் பெருங்கடலின் சரக்கு. பெரும்பகுதி மாலத்தீவிலிருந்து போனது. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' என்று சொல்லும் அதே தீவுகள். தென்னை மட்டைகளைக் கடலில் மிதக்கவிட்டால் சோழிப் பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும் என்று பழைய அரபுப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். கரையில் குழி தோண்டிப் போட்டு, சதை அழுகி வெறும் ஓடு மிஞ்சியதும் கழுவி எடுப்பார்கள். வங்காளத்துக்காரர்கள் அரிசியைக் கொடுத்துச் சோழியை வாங்கிப் போவார்கள்.

1340களில் மாலத்தீவில் இருந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, அங்கே ஒரு பொன் தினாருக்கு 4,00,000 சோழி கிடைத்ததைக் குறித்து வைத்தார். பத்து ஆண்டுகளுக்குள் சகாராவைத் தாண்டி மாலிப் பேரரசுக்குப் போனவர், அங்கே அதே தினாருக்கு 1,150 சோழிதான் விலை என்று கண்டார். ஏன் இவ்வளவு தொலைவு தூக்கிப் போனார்கள் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். பிறகு போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கப்பலின் அடித்தட்டில் பாரத்துக்காகச் சோழியைக் கொட்டி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இறக்கினார்கள். இறக்கிய சோழிக்கு அவர்கள் வாங்கிய சரக்குகளில் மனிதர்களும் இருந்தார்கள். இன்றைய கானாவின் எல்மினா, கேப் கோஸ்ட் கோட்டைகளில் அடிமைகளை அடைத்து வைத்த இருட்டறைகளை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

எண்ணும் முறையும் ஏற்பட்டிருந்தது. முதுகில் ஓட்டை போட்டுக் கோத்தால் 40 சோழி ஒரு சரம். 50 சரம், அதாவது 2,000 சோழி, ஒரு 'தலை'. பெரிய கொடுக்கல் வாங்கலுக்குத் தலைச்சுமையாகத்தான் போகும். 19ஆம் நூற்றாண்டில் சான்சிபார் பக்கத்துப் பெரிய சோழியை வணிகர்கள் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து கொட்டியதும் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் சோழி மதிப்பிழந்தது. நோட்டை அச்சடித்துத் தள்ளுவது பிற்காலத்துக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் கானா முழுவதும் சோழிப் புழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கேதான் நிலவியல் உள்ளே வருகிறது. நாடு 2,38,533 சதுர கிலோமீட்டர். தெற்கே கினி வளைகுடா, மேற்கே ஐவரி கோஸ்ட், கிழக்கே டோகோ, வடக்கே புர்கினா பாசோ. தென்பாதியில் மழைக்காடு, வடபாதியில் மரங்கள் சிதறிய வறண்ட புல்வெளி. காட்டுக்குள் தங்கம் இருந்தது. கோலாக் கொட்டையும் விளைந்தது. கூமாசியைத் தலைநகராகக் கொண்ட அசாந்தி அரசு பொன்துகளை நிறுத்துத்தான் பணம் எண்ணியது; சோழியை அது பெரிதாக மதிக்கவில்லை. கடற்கரைச் சந்தைகள் சிலவற்றிலும், வடக்கே சலகா போன்ற சந்தைகளிலும்தான் சோழிக்கு மவுசு. வடமேற்கு மூலையில் டகாரா, லோபி மக்களிடம் பரிசப்பணத்திலும் இழவுச் சடங்கிலும் அது 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது.

அசாந்திகளின் சொல் 'சிகா'. அதற்குப் பொன் என்றும் பொருள், பணம் என்றும் பொருள். தனியாகத் தங்கத்தைச் சொல்ல வேண்டுமானால் 'சிவந்த சிகா' என்பார்கள். பொன் என்றால் தங்கமும் ஆகும் காசும் ஆகும் என்றிருந்த நமக்கு, செம்பொன் என்று அடைமொழி சேர்த்துப் பழகிய நமக்கு, இதை விளக்க வேண்டியதில்லை. அசாந்தி அரசின் உயிர் குடியிருப்பதாக நம்பப்படும் இருக்கைக்கு 'சிகா ஜ்வா கோஃபி' என்று பெயர். கோஃபி என்பது வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்கு வைக்கிற பெயர். இதைப் 'பொற்சிம்மாசனம்' என்று மொழிபெயர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. அது தாழ்வான மணை. அதில் யாருமே உட்கார்வதில்லை, மன்னர் உட்பட. 'பொன்மணை' என்றால் சரியாக இருக்கும். 1900இல் ஓர் ஆங்கில ஆளுநர் கூமாசிக்கு வந்து, அதைக் கொண்டுவா, நான் உட்கார வேண்டும் என்ற தோரணையில் கேட்டார். யா அசாந்தேவா என்ற அரசியன்னையின் தலைமையில் போர் மூண்டது.

இனி சில்லறைக்கு வருவோம். 100 பெசவா ஒரு சீடி. 'பெசவா' என்று காதில் விழுந்ததும் 'பைசா' என்று முடிச்சுப் போட்டுவிடுவோம். தவறு. பைசா, காற்பங்கைக் குறிக்கும் வடசொல் வழியாக வந்தது. பெசவா அக்கான் சொல்: கருநீல நிறத்தில் ஒரு விதை, பொன் நிறுக்கும் எடைகளில் ஆகச் சிறியது. ஒலி ஒத்துப்போனது தற்செயல். ஆனால் பொருளில் நமக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. குன்றிமணியால் பொன் நிறுத்தவர்கள் நாம். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. 'வீட்டில் ஒரு குண்டுமணித் தங்கம் இல்லை' என்று இன்றும் பேசுகிறோம். அந்தக் கரையிலும் சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அதே மணியால் பொன் நிறுத்திருக்கிறார்கள். வணிகர் வழக்கில் அதற்கு 'டம்பா' என்று பெயர். ஆகவே பெசவாவை யாருக்காவது விளக்கும்போது 'அவர்களுடைய குன்றிமணி' என்று சொன்னால் சட்டென்று பிடிபடும். தாவரம் வேறு, வேலை ஒன்று.

பெயர் வைத்தவர்கள் ஒரு கூத்து பண்ணியிருக்கிறார்கள். பழைய கணக்கில் எந்தப் பொன்னெடைக்கும் சோழி எத்தனையோ கொடுக்க வேண்டும். ஒற்றைச் சோழிக்கு மதிப்பு ஒன்றுமே இல்லை. 1965இல் அதைத் தலைகீழாக்கி, சோழியைப் பெரிய காசாகவும் பொன்விதையைச் சில்லறையாகவும் வைத்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் முதல் அதிபர் க்வாமே இன்க்ரூமாவின் அரசு கானா பவுண்டைக் கைவிட்டது. 240 பென்னி கொண்ட ஒரு பவுண்டுக்கு 2.40 சீடி, அதாவது ஒரு பெசவா ஒரு பென்னி. கடைக்காரருக்குக் குழப்பமில்லை என்பதுதான் நோக்கம். வோல்ட்டா ஆற்றின் குறுக்கே அகோசொம்போ அணை முடிந்ததும் அதே ஆண்டில். பின்னால் தேங்கிய ஏரி சுமார் 8,500 சதுர கிலோமீட்டர் பரந்தது. அலுமினிய ஆலைக்கு மின்சாரம், சொந்தப் பணம், சொந்தப் பெயர் என்று ஒரே மூச்சில் எல்லாம் நடந்தன. 1966 பிப்ரவரியில் ராணுவம் இன்க்ரூமாவைக் கவிழ்த்தது. மறு ஆண்டே அவர் முகம் இல்லாத புதிய சீடி வந்தது, நாணயத்தில் கொக்கோவோடு.

கொக்கோவுக்கு அந்த இடம் நியாயம்தான். டெட்டே க்வார்ஷி என்பவர் 1879இல் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து விதை கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். அது ஒரு நாட்டின் பிழைப்பையே மாற்றியது. இன்று உலகில் ஐவரி கோஸ்டுக்கு அடுத்த இடம் கானாவுக்கு. தங்கத்தில் தென்னாப்பிரிக்காவையே முந்தி ஆப்பிரிக்காவில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. கடலில் ஜூபிலி வயலிலிருந்து 2010 டிசம்பரில் எண்ணெயும் எடுக்கத் தொடங்கினார்கள். தங்கத்தோடு ஒட்டிவந்த சொல் 'கலாம்சே': அனுமதி இல்லாமல் ஆற்றோரம் தோண்டுவது. 'பொறுக்கி எடு, விற்று விடு' என்ற ஆங்கிலத் தொடர் வாயில் உருண்டு உருண்டு ஆன சொல் அது. நம் ஆற்றுப் படுகைகளின் கதையை அறிந்தவர்கள் 'திருட்டுத் தோண்டல்' என்றால் புரிந்துகொள்வார்கள். பிரா போன்ற ஆறுகள் சேற்று நிறத்தில் ஓடுகின்றன. கொக்கோத் தோப்புகளும் குழிகளாகின்றன.

இவ்வளவு பொன் இருந்தும் சோழிப் பணம் தேய்ந்துகொண்டே போனது. 2007 ஜூலையில் 10,000 பழைய சீடிக்கு ஒரு 'கானா சீடி' என்று நான்கு சுழியங்களை வெட்டினார்கள். மதிப்பு அதேதான் என்று மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அன்றைக்கு ஒரு சீடி ஒரு டாலரைவிடக் கொஞ்சம் கூடுதல். 2022 டிசம்பரில் பணவீக்கம் 54 சதவீதத்தைத் தொட்டது. வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதிக்குத் தவணை கட்டுவதை அரசு நிறுத்தியது. அடுத்த ஆண்டு மே மாதம் பன்னாட்டு நாணய நிதியம் 300 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2025இல் சீடி மளமளவென்று ஏறியதும் பலர் எதிர்பாராதது. ஒற்றைப் பெசவா நாணயத்தை இப்போது கடையில் யாரும் கேட்பதில்லை.

ஆட்சியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1957 மார்ச் 6 விடுதலை. இடையில் பல ராணுவ ஆட்சிகள். 1992 அரசியலமைப்பு வந்த பிறகு நான்காண்டுக்கு ஒரு தேர்தல், அதிபருக்கு இரண்டு முறைதான் வாய்ப்பு. இரு பெரிய கட்சிகள் மாறி மாறி ஆள்கின்றன, தோற்றவர் இறங்கிவிடுகிறார். 2025 ஜனவரியில் ஜான் மஹாமா மீண்டும் அதிபரானார். பாரம்பரியத் தலைவர்களுக்கும் அரசியலமைப்பில் இடம் உண்டு, ஆனால் கட்சி அரசியலில் இறங்க நினைத்தால் மணையை விட்டு இறங்க வேண்டும். 2021 கணக்கெடுப்பில் 3 கோடியே 8 லட்சம் பேர். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அக்கான்கள், பிறகு டகோம்பா முதலான வடபுலத்தார், கிழக்கே எவே, தலைநகர் அக்ராவின் மண்ணின் மைந்தர்களான கா. பணத்துக்கு அக்கான் சொல் வாய்த்தது ஏன் என்பதும் இந்த எண்ணிக்கையில் ஓரளவு தெரியும். நாட்டின் பெயரோ எந்த உள்ளூர் இனத்துடையதும் அல்ல. வடமேற்கே மாலி, மாரிட்டேனியா பக்கம் இருந்த பழைய பேரரசின் பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள். நம் வடசென்னைக் கானாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? தொகையைச் சொல்லும்போது பெயர்க்கக் கூடாது. '50 சீடி' என்றே எழுத வேண்டும்; '50 சோழி' என்றால் சரக்கா பணமா என்று தெரியாது. சொற்பொருள் சொல்லும் இடத்தில் மட்டும் 'சோழி' வரட்டும். 'சிப்பி ஓடு' என்று பெயர்ப்பது பிழை. சிப்பிக்கு இரண்டு மூடி, சோழி ஒற்றைக் கூடு. சோகி, பலகறை, கவடி என்று அகராதியில் இன்னும் மூன்று சொற்கள் உண்டு. கவடி, வடமொழியின் 'கபர்த'த்தோடு சேர்ந்தது. இந்தியின் 'கௌடி'யும் ஆங்கிலத்தின் 'கௌரி'யும் அந்த வழி வந்தவையே. பலகறை நல்ல சொல், ஆனால் அதை இன்று சொன்னால் பலசரக்குக் கடையா என்று கேட்பார்கள். 'காசு' என்று பொதுவாகப் போட்டுவிடலாமே என்பார்கள் சிலர். அந்தச் சொல் ஏற்கெனவே ஒரு தடவை கப்பலேறிவிட்டது: நம் காசு போர்த்துக்கீசியர் வாயில் 'கைஷா' ஆகி, கீழை நாட்டுச் சிறுகாசுகளுக்கு ஆங்கிலேயர் வைத்த 'கேஷ்' என்ற பெயரானது. கடையில் நாம் கேட்கும் கேஷ் அதுவல்ல, பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது.