மதுவிலக்கு வந்த பிறகு அமெரிக்கர்கள் எதைக் குடித்தார்கள்?

குடிநோய் சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் மனைவியோ அம்மாவோ அடிக்கடி என்னிடம் கேட்பது இதுதான்: "எல்லாக் கடையையும் ஒரேயடியா மூடிட்டா என்ன டாக்டர்?" நியாயமான ஆதங்கம். அமெரிக்காவில் நாடு தழுவிய மதுவிலக்குக்கு வித்திட்டதும் இதே ஆதங்கம்தான். கூலிப் பணம் மதுக்கடையிலேயே கரைந்துபோக, பிள்ளைகளோடு பட்டினி கிடந்த பெண்களுக்காக 1874-இலேயே மதுவிலக்குச் சங்கம் கட்டினார்கள், வாக்குரிமைகூட இல்லாத பெண்கள். 1913-இல் வருமான வரி வந்ததும் மது வரியை நம்பியிருந்த அரசுக்குப் பயம் விட்டது. முதல் உலகப் போரில் ஜெர்மனி மீது எழுந்த கோபம் ஜெர்மானிய வம்சாவளியினரின் பீர் ஆலைகள் மீதும் பாய்ந்தது. 1920 ஜனவரி 17-இல் தடை அமலுக்கு வந்தது.

பலன் இல்லாமல் இல்லை. ஆரம்ப ஆண்டுகளில் குடி வெகுவாகக் குறைந்தது, ஈரல் சுருங்கிச் சாவதும் முந்தைய பத்தாண்டைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் குடிக்கு அடிமையானவருக்குக் கடை மூடிவிட்டது என்பதற்காக உடம்பு கேட்பது நின்றுவிடாது. அந்த இடத்தில்தான் விஷம் நுழைந்தது.

தொழிற்சாலை ஆல்கஹாலைத் திருடிச் சுத்திகரித்து விற்றார்கள். அதைத் தடுக்கிறோம் என்று, ஜனங்கள் குடிக்கிறார்கள் எனத் தெரிந்தே, அதில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹாலை இன்னும் கூடுதலாகக் கலக்க வைத்தது அரசாங்கம். 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க்கில் விஷச் சாராயம் குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பலர் பிழைக்கவில்லை. இந்தச் சாவுகளுக்கு அரசும் பொறுப்பு என்று வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார் நகரின் தலைமை மருத்துவ ஆய்வாளர் சார்லஸ் நாரிஸ். 1930-இல் 'ஜமைக்கா இஞ்சி' என்ற மருந்துச் சாற்றைப் போதைக்காகக் குடித்த ஆயிரக்கணக்கானோருக்கு, அதில் கலந்திருந்த ரசாயனத்தால் கால் விளங்காமல் போனது. வசதியானவர்களுக்குக் கடத்தல் விஸ்கி கிடைத்தது, விஷம் ஏழைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

பொருளாதார மந்தத்தில் வருமானமும் தேவைப்பட, 1933 டிசம்பர் 5-இல் தடையை நீக்கினார்கள்.

தடை வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, சிகிச்சைக்கு ஏற்பாடு இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், அதன்பின் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம், உயிரே போகலாம். வீட்டில் பூட்டி வைத்துச் சமாளிக்கிற விஷயமில்லை.

மெத்தனால் இன்றும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது கடைகள் திறந்திருந்த காலத்தில்தான். மெத்தனாலை ஈரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது, அது கண் நரம்பைத் தாக்கும். பாதிப்பு தெரிய 12 முதல் 24 மணி நேரம்வரை ஆகலாம். சாராயம் குடித்தவர் மறுநாள் வயிற்றுவலி, வாந்தி, பனிமூட்டம் போலப் பார்வை மங்கல் என்று சொன்னால், போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள்.