“நேற்றுச் சிரிச்சுப்போட்டன், பிள்ளை”

இலங்கையின் வடக்கே வன்னியில் உளவளத்துணைக்கு வருகிறவர்கள் பலர் மனக்கவலை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலையிடி, நெஞ்சுப் பாரம், உடம்பு உளைவு, நித்திரையில்லை என்று வெளிநோயாளர் பிரிவுக்குத்தான் போவார்கள். இரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் சரியாக இருக்கும். பிறகுதான் வைத்தியர் உளவளத்துணையாளர்களான எங்களிடம் அனுப்புவார். வீட்டுக்காரரைக் கேட்டால், “சும்மா யோசிக்கிறா” என்பார்கள்.

சும்மா இல்லை. செத்த வீட்டுக்கு எங்கள் சனம் ஓர் ஒழுங்கு வைத்திருந்தது. ஒப்பாரி, எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, பிறகு ஆண்டுத்திவசம். உறவும் அயலும் கூட இருந்து அழும், சாப்பிட வைக்கும், மெல்ல மெல்லக் கலையும். 2009 மே வரை நடந்த இறுதிப்போரில் பலருக்கு இதில் ஒன்றுமே வாய்க்கவில்லை. பதுங்குகுழியிலேயே மூடிவிட்டு நடந்தவர்கள் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் இன்னும் கஷ்டம். திவசம் கொடுத்தால் பிள்ளையைத் தானே சாகக் கொடுத்ததாகிவிடும் என்று தாய் பயப்படுவாள்.

அமெரிக்கக் குடும்ப உளச்சிகிச்சையாளர் போலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்கிறார். இதற்கு ஒரு முடிவு கட்டச் சொல்லி ஆளை நெருக்கக்கூடாது. ‘இருக்கிறான்’, ‘இல்லை’ இரண்டையும் ஒரே மனதில் வைத்தபடி வாழப் பழகலாம் என்பது அவர் கருத்து. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் போராட்டம் தொடங்கிய தாய்மாரைப் பார்த்து “மறக்கமாட்டினமாம்” என்று சலிப்பவர்களும் உண்டு. நீதி கேட்பது நோய் இல்லை. அவர்களில் பலருக்கு எழும்பி நடக்கத் தெம்பு தந்ததே அந்தத் தேடல்தான்.

மகனைத் தேடும் ஓர் அம்மா என்னிடம் வந்துகொண்டிருந்தார் (ஆள் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்). சமைக்கவும் மனமில்லாமல் கிடந்தவர், அயலில் ஒருத்தி இழுத்துக்கொண்டு போனதால் கச்சான் பிடுங்கப் போகத் தொடங்கினார். ஒருநாள் வந்து, “நேற்றுச் சிரிச்சுப்போட்டன், பிள்ளை. பிறகு நெஞ்சு திக்கெண்டு போச்சு. அவனை மறந்திட்டனோ?” என்றார்.

இந்தப் பயத்தை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். நிம்மதி வந்தால் போனவருக்குச் செய்யும் குற்றம் என்று மனம் நினைத்துவிடுகிறது. “மறக்கேல்லை அம்மா. அவன் எதுக்கு இப்படிச் சிரிப்பான்?” என்று கேட்டேன். அன்று முழுக்க மகனின் குழப்படிகளைத்தான் சொன்னார், அழுகையும் சிரிப்புமாக. துக்கம் போனபிறகு திருப்தி வரும் என்று காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம். பெரும் மன அதிர்ச்சிக்குப் பின்னான வளர்ச்சியை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கல்ஹூனும் வேதனையும் வளர்ச்சியும் சேர்ந்தே இருக்கும் என்றுதான் சொன்னார்கள். எல்லாருக்கும் அப்படி வளர்ச்சி வந்தாக வேண்டும் என்றும் இல்லை.

“வன்னிச் சனம் திடமான சனம்” என்ற புகழ்ச்சி எனக்குப் பிடிப்பதில்லை. அதைச் சொல்லியே உதவியைக் குறைத்துவிடுகிறார்கள். நுண்கடன்காரன் படலையில் நிற்கும்போது மனத்திடம் பற்றி வகுப்பு எடுக்க முடியாது. கடனுக்குத்தான் முதலில் வழி பார்க்க வேண்டும்.

அயலில் இப்படி ஒருவர் இருந்தால் “யோசிக்காதேங்கோ” என்று வாயை அடைக்காமல், போனவரின் பேரைச் சொல்லிக் கதை கேளுங்கள். வாரக்கணக்கில் நித்திரையும் சாப்பாடும் இல்லை, கசிப்பில் கிடக்கிறார், சாகவேணும் போல கிடக்கு என்கிறார் என்றால் கதை மட்டும் போதாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரவில் அவதி என்றால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926.