அது போட்டோ இல்லைங்க: ‘இரண்டாம் பூமி’யைப் பகிர்வதற்கு முன்

போன வாரம் திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் சார்ட்டில் நீல நிறக் கோள் ஒன்றை ஒட்டி, கீழே ‘நாசா எடுத்த இரண்டாம் பூமியின் புகைப்படம்’ என்று எழுதியிருந்தார்கள். கடல், மேகம், கரையோரம் எல்லாம் இருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் வந்ததை அவர் அப்படியே கொடுத்திருக்கிறார்.

அன்றைக்கே ஒரு தகப்பனார் தனியாக வந்து போனை நீட்டினார். “பாப்பா பொறந்தநாளுக்கு ஆன்லைன்ல வாங்குனேன் சார். ஒரு கோளுக்கே அவ பேரு வச்சுருக்காங்க.” தங்க நிற முத்திரை போட்ட சான்றிதழ், கீழே நட்சத்திரத்தின் ஆயத்தொலைவு எண்கள். தேடிப் பார்த்தேன். நட்சத்திரம் இருக்கிறது. அதற்குக் கோள் இருப்பதாக எந்தப் பட்டியலிலும் இல்லை.

நட்சத்திர ஒளியின் தரவுகளில் கோள்களைத் தேடுவதும், மதுரையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பதும்தான் என் வேலை. இப்படிப்பட்ட படத்தையும் சான்றிதழையும் எத்தனை வருடமாகப் பார்த்துவிட்டேன்! இனியும் பொறுமையாக இருக்க முடியவில்லை.

முதலில் படத்துக்கு வருகிறேன். புறக்கோள் என்றால் சூரியன் அல்லாத வேறு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள். பூமி அளவுள்ள எந்தப் புறக்கோளையும் இதுவரை யாரும் படம் பிடித்ததில்லை. விண்வெளித் தொலைநோக்கிகளான ஹப்பிளும் பிடிக்கவில்லை, ஜேம்ஸ் வெப்பும் பிடிக்கவில்லை. நேரடியாகப் படமெடுத்த புறக்கோள்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. எச்ஆர் 8799 என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் கோள்களை 2008-இல் படமாக வெளியிட்டார்கள். அவை ஒவ்வொன்றும் வியாழனைவிடப் பல மடங்கு நிறையுள்ளவை. அவையே படத்தில் வெறும் புள்ளிகள்தான். அதில் மேகமும் தெரியாது, கரையும் தெரியாது. நீங்கள் பார்க்கும் நீலக் கடல்கள் ஓவியர்கள் வரைந்தவை. நாசா அதை மறைப்பதே இல்லை. ‘ஓவியரின் கற்பனை’ என்று படத்துக்குக் கீழேயே போடுகிறது. நம் ஆட்கள் படத்தை வெட்டும்போது அந்த ஒரு வரியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். தயவுசெய்து அந்த வரியோடு பகிருங்கள், அல்லது பகிராமலே விட்டுவிடுங்கள்.

அப்படியானால் நாங்கள் எதைப் பார்க்கிறோம்? நட்சத்திரத்தின் ஒளியை மட்டும். கோள் குறுக்கே போகும்போது அந்த ஒளி கொஞ்சம் மங்கும். வரைபடத்தில் மேலும் கீழுமாகச் சிதறிய நூற்றுக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே சிறு பள்ளம் விழும். அது மாறாத இடைவெளியில் திரும்பத் திரும்ப வர வேண்டும். பூமி சூரியனுக்குக் குறுக்கே போவதை வெகுதூரத்திலிருந்து ஒருவர் பார்த்தால் ஒளி 0.0084 சதவீதம்தான் குறையும். அதுவும் ஆண்டுக்கு ஒரு தடவை, சில மணி நேரம். சிறிய கோள்களைச் சிறிய நட்சத்திரங்களைச் சுற்றித் தேடுவது இதனால்தான். டிராப்பிஸ்ட்-1 நட்சத்திரத்தின் ஆரம் சூரியனுடையதில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். அங்கே பூமி அளவுக் கோள் குறுக்கே வந்தால் சுமார் 0.6 சதவீதம் பள்ளம் விழும். ஏழு கோள்கள் அங்கே இருப்பதை 2017-இல் அறிவித்தார்கள்.

பள்ளம் விழுந்துவிட்டால் கோள் என்று ஆகிவிடாது. புறக்கோள்களைத் தேடும் நாசாவின் டெஸ் விண்கலம் எடுக்கும் படத்தில் ஒரு பிக்சலுக்குள் பக்கத்து நட்சத்திரங்களும் சேர்ந்து விழும். அவற்றில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரம் ஒன்று இருந்தால் அதுவும் இதே பள்ளத்தைக் காட்டும். எங்கள் நேரத்தில் பெரும்பகுதி கோள் அல்லாதவற்றைக் கழிப்பதிலேயே போகிறது.

பள்ளத்தின் ஆழம் தருவது ஆரத்தை மட்டும். நிறை வேண்டுமென்றால் கோள் தன் நட்சத்திரத்தை எவ்வளவு ஆட்டுகிறது என்று நிறமாலையில் அளக்க வேண்டும். பூமி சூரியனை ஆட்டுவது நொடிக்கு 9 சென்டிமீட்டர், தவழும் குழந்தையைவிட மெதுவாக. நட்சத்திரத்தின் மேற்பரப்போ தன்பாட்டுக்கு அதைவிட அதிகமாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. மேலே கொடைக்கானலில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். அதில் தெரியும் கரும்புள்ளிகளும் கொந்தளிப்பும்தான் மற்ற நட்சத்திரங்களில் எங்களுக்குப் பெரிய தலைவலி. 2012-இல் ஆல்ஃபா சென்டாரி பி என்ற நட்சத்திரத்தைச் சுற்றிப் பூமி நிறையில் ஒரு கோள் என்று அறிவித்தார்கள். சில ஆண்டுகளில் அது தரவு எடுத்த விதத்தால் வந்த மாயம் என்று தெரிந்தது. அந்த மறுப்பு எந்தக் குரூப்பிலும் வந்து நான் பார்த்ததில்லை.

நிறை தெரியாமல் அது பாறையா, நீரா, வாயுவா என்று சொல்ல வழியே இல்லை. கெப்ளர்-452பி என்ற கோளை 2015-இல் தமிழ் சேனல்கள் ‘இன்னொரு பூமி’ என்று கொண்டாடின. ஆரம் பூமியைப் போல 1.6 மடங்கு, நிறையை இன்றுவரை யாரும் அளந்ததில்லை. சரி, நிறையும் தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளியின் ஆரம் பூமியினுடையதில் 95 சதவீதம், நிறை 82 சதவீதம். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் நம் பூமிக்கு இரட்டைப்பிறவிதான். தரையில் வெப்பம் 460 பாகை செல்சியஸுக்கு மேல்! ‘வாழத்தகு மண்டலத்தில் இருக்கிறது’ என்று படித்ததும் அங்கே ஆறு ஓடுவதாக நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் திரவமாக இருக்க நட்சத்திரத்திலிருந்து தூரம் சரி, அவ்வளவே. காற்று இருக்கிறதா என்பதே தனிக் கேள்வி. டிராப்பிஸ்ட்-1-இன் ஏழு கோள்களில் ஒன்றான டிராப்பிஸ்ட்-1பி-யில் அடர்ந்த வளிமண்டலம் எதுவும் தென்படவில்லை என்று ஜேம்ஸ் வெப் 2023-இல் காட்டியது.

2025 ஏப்ரலில் கே2-18பி என்ற கோள் விஷயத்தில் நடந்தது இன்னும் மோசம். 124 ஒளியாண்டு தொலைவு, ஆரம் பூமியைப்போல 2.6 மடங்கு. கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் டைமெத்தில் சல்ஃபைடுக்கான அறிகுறி அதில் தெரிவதாகக் கேம்பிரிட்ஜ் குழு சொன்னது. இன்னும் அவதானிப்புகள் தேவை என்று அந்தக் குழுவே சேர்த்துச் சொன்னது. அதே தரவை அலசிய வேறு குழுக்கள் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். உயிரே இல்லாத 67பி வால்மீனிலும் அந்த வேதிப்பொருளுக்குச் சான்று கிடைத்திருக்கிறது. ஆனால் எனக்கு வந்த கேள்வியெல்லாம் “ஏலியன் கண்டுபிடிச்சுட்டாங்களாமே சார்?” என்பதுதான்.

செய்தி வந்தால் மூன்றைக் கேளுங்கள். ஆரம் மட்டும் தெரியுமா, நிறையும் தெரியுமா? எந்த வகை நட்சத்திரம்? வேறு குழு யாராவது சரிபார்த்தார்களா? மூன்றுக்கும் பதில் இல்லாத காணொளியை மூடிவிடுங்கள்.

பெயர் வைக்கக் காசு கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த அதிகாரம் பன்னாட்டு வானியல் ஒன்றியத்திடம் இருக்கிறது, அது பெயர்களை விற்பதில்லை. 2019-இல் அது நடத்திய போட்டியில் எச்டி 86081 நட்சத்திரத்துக்கு இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக ‘பிபா’ என்ற பெயர் இந்தியாவிலிருந்து போனது. யாரும் ஒரு பைசா கட்டவில்லை. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் சான்றிதழை எந்த வானியலாளரும் ஏற்க மாட்டார்.

பிள்ளைக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறதா? ‘பிளானட் ஹன்டர்ஸ் டெஸ்’ திட்டத்தில் உட்கார வையுங்கள். டெஸ் எடுத்த ஒளி வரைபடங்களைத் திரையில் காட்டுவார்கள்; பள்ளம் தெரிகிற இடத்தைக் குறிக்க வேண்டும். முதல் நாள் சலிப்பாக இருக்கும், எல்லாம் வெறும் சிதறலாகத் தெரியும். விடாமல் பார்க்கச் சொல்லுங்கள், கண் பழகிவிடும். விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆசிரியரோ அக்காவோ பக்கத்தில் இருந்தால் நல்லது. கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் அது வேறு தளம், வெளியே வந்துவிடுங்கள்.