லியூக்கோட்ரையீன் – சொல் விளக்கம்

இழுப்பு நோய்க்கான மருந்துச் சீட்டில் ‘மாண்டெலுகாஸ்ட்’ என்ற பெயர் அடிக்கடி வரும். அதிலுள்ள ‘லுகாஸ்ட்’ என்ற ஈறு, லியூக்கோட்ரையீனின் ஏற்பியை, அதாவது அது செல்லில் வந்து பொருந்தும் இடத்தை, தடுக்கும் மருந்துகளுக்கு உரியது. லியூக்கோட்ரையீன் என்பது நம் உடலே உண்டாக்கி, மூச்சுக்குழலைச் சுருக்கும் ஒரு வேதிப்பொருள்.

‘லியூக்கோஸ்’ என்றால் கிரேக்கத்தில் வெண்மை. இங்கே அது நிறத்தைச் சொல்லவில்லை. இப்பொருளை உண்டாக்கும் வெள்ளணுவைச் சொல்கிறது. ‘ட்ரையீன்’ என்பது மூன்று இரட்டைப் பிணைப்புகள். கரிமச் சங்கிலியில் இரட்டை, ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என மாறி மாறி அமைந்தவை அவை. லியூக்கோட்ரையீன் சி4, டி4 என்று அதன் வகைகளைச் சொல்லும்போது வரும் 4, மூலக்கூறிலுள்ள மொத்த இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கை. நான்காவது சற்றுத் தள்ளித் தனியே இருப்பதால் அது ‘மூன்றில்’ சேராது. மாணவர்கள் குழம்பும் இடம் இது.

1979இல் சுவீடனின் பெங்ட் சாமுவேல்சன் இப்பெயரை வைத்தார். அதற்கு முன் பல்லாண்டுகள் இதற்கு ‘மெதுவாய் வினைபுரியும் பொருள்’ என்றே பெயர். 1938இல் ஃபெல்ட்பெர்க், கெல்லவே இருவரும் கினிப் பன்றியின் நுரையீரலில் நாகப்பாம்பு நஞ்சைச் செலுத்தினார்கள். அதிலிருந்து வடிந்த நீர் குடல் துண்டின் மேல் பட்டதும் தசை மெல்ல மெல்லச் சுருங்கியது, நெடுநேரம் தளரவில்லை. ஒவ்வாமையில் வெளிப்படும் இன்னொரு பொருளான ஹிஸ்டமினோ சட்டென்று சுருக்கிச் சட்டென்று விட்டுவிடும்.

நோயை விளக்குவதில் அந்தப் பழைய பெயரே தெளிவானது என்பேன். ஒவ்வாமையைத் தொடங்கிவைக்கும் மாஸ்ட் செல் ஹிஸ்டமினைத் துகள்களில் சேமித்து வைத்திருக்கும். ஒவ்வாப்பொருள் பட்டவுடன் கொட்டிவிடும். லியூக்கோட்ரையீனுக்குச் சேமிப்பு கிடையாது. செல் சவ்விலிருந்து 20 கரிம அணுக்கள் கொண்ட அராக்கிடோனிக் அமிலம் வெட்டி எடுக்கப்பட்டு, 5-லிப்பாக்சிஜனேஸ் நொதியால் அப்போதைக்கப்போது தயாராகிறது. மூச்சுக்குழல் தசையைச் சுருக்குவதில் ஹிஸ்டமினைவிட 100 முதல் 1000 மடங்கு வலியது. நுண்ணிய இரத்தக்குழாய்களைக் கசியவைத்துச் சுவரை வீங்கச் செய்யும், சளியைப் பெருக்கும், ஈசினோஃபில் என்ற வகை வெள்ளணுக்களை வரவழைக்கும். ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்ரிசின் மாத்திரை தும்மலை நிறுத்தியும் இழுப்பை நிறுத்தாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போட்டதும் சிலருக்கு மூச்சு இரைப்பதும் இதனால்தான். அம்மருந்துகள் அராக்கிடோனிக் அமிலத்தின் இன்னொரு பாதையை அடைக்கின்றன. அப்பாதையில் உண்டாகி, லியூக்கோட்ரையீன் உற்பத்தியை அடக்கிவைக்கும் புராஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருள் குறைகிறது, கடிவாளம் போய்விடுகிறது.

மாண்டெலுகாஸ்ட் பெரியவர்களுக்கு 10 மி.கி., 6 முதல் 14 வயதுக்கு 5, 2 முதல் 5 வயதுக்கு 4, நாளுக்கு ஒருமுறை. மூச்சு முட்டும் நேரத்தில் இது உதவாது. அப்போது சால்பூட்டமால் இன்ஹேலர்தான் வேண்டும். கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் கட்டமிட்ட எச்சரிக்கை விடுத்தது. பிள்ளையின் நடத்தை மாறினால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

தமிழில் என்ன சொல்வது? ‘அழற்சி’ (இன்ஃபிளமேஷன்) நமக்கு வாய்த்த அருமையான சொல்: அழல் என்றால் நெருப்பு, அதற்கான இலத்தீன் சொல்லின் வேரும் தீ மூட்டுவதே. அழற்சியை ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் இவ்வகைப் பொருள்களை ‘அழற்சி ஊடகம்’ என்று எழுதுகிறார்கள். ஊடகம் என்றால் செய்தித்தாளும் தொலைக்காட்சியும்தான் நினைவுக்கு வரும். ‘அழற்சித் தூதுப்பொருள்’ என்பது பொருந்தும். லியூக்கோட்ரையீனுக்கு ‘வெள்ளணு மூவிரட்டையம்’ எனலாம்: பிறப்பிடமும் வடிவமும் இரண்டும் அதில் உள்ளன. ‘வெண்மூவிரட்டையம்’ என்று சுருக்கினால் வெள்ளணு மறைந்து நிறம் மட்டும் எஞ்சும். நோயாளிக்கான குறிப்புகளில் ‘லியூக்கோட்ரையீன்’ என்றே எழுதிவிட்டு, பாடநூலில் முதல் இடத்தில் மட்டும் தமிழ்ச்சொல்லைச் சேர்த்துத் தருவது நல்லது. மருந்துப் பட்டையில் படிக்கும் பெயரோடு நோயாளி அதைப் பொருத்திப் பார்க்க வேண்டுமே.