நான்காம் நிலையோடு நின்றுவிடாதீர்கள்

கனடாவின் ஸ்காபரோவில், நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். "குடியுரிமைக்கு விண்ணப்பித்தாயிற்று, டீச்சர். இனி வகுப்புக்கு வரத் தேவையில்லை" என்று இனிப்புப் பெட்டியோடு விடைபெற வருபவர்களை வாழ்த்தித்தான் அனுப்புவேன். ஆனால் அன்று முழுவதும் மனம் சரியாக இருக்காது.

கனேடிய மொழி அளவுகோலில் 12 நிலைகள் உண்டு. 18 முதல் 54 வயது வரையானவர்கள் குடியுரிமைக்குக் காட்ட வேண்டியது நான்காம் நிலை. அதுவும் கேட்பதிலும் பேசுவதிலும் மட்டும். மருத்துவரிடம் நோவைச் சொல்லவும் கடையில் பொருளை மாற்றவும் அது போதும். தொழிலுக்குப் போதாது.

நம் பெண்கள் பலர் விரும்பிச் சேரும் முதியோர் பராமரிப்பு வேலையையே பாருங்கள். பரிவும் பொறுமையும் அவர்களிடம் நிறையவே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு முறை வேலை முடியும்போதும் குறிப்பு எழுத வேண்டும்: காலை உணவில் பாதிதான் உண்டார், இடது குதிகால் சிவந்திருக்கிறது. அடுத்து வருபவர் அதை வாசித்துத்தான் புண் வராமல் காப்பார். பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாதவர் அங்கேதான் தடுமாறுகிறார்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. புதிதாக வந்தவர்களுக்காக 1992இல் தொடங்கிய 'லிங்க்' என்ற ஆங்கில வகுப்புகளுக்கு மத்திய அரசு பணம் தருவதால் படிப்பவருக்குச் செலவில்லை. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும் அகதியாக ஏற்கப்பட்டவர்களும் சேரலாம். குடியுரிமை பெற்றபின் அங்கே இடமில்லை. பிறகு மாகாண அரசின் உதவியோடு பள்ளிச் சபைகள் நடத்தும் வகுப்புகளைத்தான் தேட வேண்டும். அவையும் நல்லவையே, ஆனால் ஐம்பது வயதில், இரவு வேலைக்கும் போய்க்கொண்டு மறுபடி தொடங்குவது எவ்வளவு கடினம் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வந்தவுடன் ஏன் படிக்கவில்லை என்று யாரையும் நான் கேட்பதில்லை. பயணத்துக்கு வாங்கிய கடன், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், பிள்ளைகள். தொழிற்சாலை வாசல் முதலில் திறக்கிறது, அதற்குள் போகிறார்கள்.

என்னிடம் படித்த ஓர் அக்கா ஊரில் பதினொரு ஆண்டுகள் கணக்குப் படிப்பித்தவர். இங்கே இரவில் பாண் பொதி செய்துகொண்டிருந்தார். வகுப்புக்கு வந்து ஏழு மாதங்கள் வரை அவர் ஆசிரியர் என்பதே எனக்குத் தெரியாது. "அதை இங்கே சொல்லி என்ன பயன், டீச்சர்?" என்றார். நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தபோது, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு ஊர், கணவர், மூன்று பிள்ளைகள் என்று சொல்லி முடித்துவிட்டார். தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தன்னைப் பற்றிப் பேசுவதைப் பெருமையடிப்பதாக நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். 'நான் செய்தேன்' என்று தொடங்கும் பத்து வாக்கியங்களை எழுதி வரச் சொன்னேன். அந்தத் தாளில்தான் அவருடைய கணக்கு வகுப்பை முதன்முதலாகக் கண்டேன். ஏழாம் நிலை வரை படித்து, பிறகு கல்லூரியில் கணக்குப்பதிவு படித்தார். இப்போது ஓர் அலுவலகத்தில் அந்த வேலையில் இருக்கிறார். ஊரில் செய்த தொழிலை முதல் வாரத்திலேயே உங்கள் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். எந்தச் சொற்களைக் கற்பிப்பது, எந்தப் படிப்புக்கு வழிகாட்டுவது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

லிங்க் வகுப்பில் சேர, மொழி மதிப்பீட்டு மையத்துக்கு வதிவிட அட்டையைக் கொண்டுபோங்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கையும் தனித்தனியே சோதிப்பார்கள். பேச்சில் ஆறும் எழுத்தில் மூன்றும் வந்தால் வெட்கப்பட வேண்டாம். எங்கள் ஆட்களில் பலருக்கு அப்படித்தான் வருகிறது. மாலை வகுப்பும் இணைய வகுப்பும் உண்டு; சில இடங்களில் சிறு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார்கள். குடியுரிமைக்கு ஏற்கெனவே விண்ணப்பம் போட்டுவிட்டவர்களும் சத்தியப் பிரமாணம் எடுக்கும் நாள் வரை பொதுவாக லிங்க் வகுப்புக்கு வரலாம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் எழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.